14,000 மெயில்பாக்ஸ், ஒரே ஒரு அட்மின்: எந்த வெப் பேனலைப் போடுவது?

கேள்வி: கொங்குப் பகுதியில் ஒரு கல்வி அறக்கட்டளையில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். பொறியியல், கலை, நர்சிங், பாலிடெக்னிக் என்று ஆறு கல்லூரிகள், ஆறு டொமைன்கள். ஆசிரியர், மாணவர், அலுவலகம் எல்லாம் சேர்த்து 14,000 மெயில்பாக்ஸ். கூகுள் தன் சேமிப்பு இடத்துக்கு வரம்பு போட்டபின் நிர்வாகம் சொந்த சர்வருக்கு மாறியது. மெயிலை அனுப்பிப் பெற போஸ்ட்ஃபிக்ஸ், மெயில்பாக்ஸைத் திறந்து காட்ட டவ்காட், கணக்குகளை வைக்க மரியாடிபி டேட்டாபேஸ். எனக்கு முன் இருந்தவர் இணையத்தில் ஒரு வழிகாட்டியைப் பார்த்து அமைத்தது. புதுக் கணக்கு, பாஸ்வேர்ட் மாற்றம் எல்லாவற்றுக்கும் நான்தான் எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் வழி) நுழைந்து கமாண்ட் அடிக்கிறேன். "பாஸ்வேர்ட் மறந்துடுச்சு சார்" என்று தினமும் இருபது முப்பது போன். அட்மிஷன் சீசன் என்றால் தூக்கம் கிடையாது. "ஒரு வெப் பேனலைப் போட்டு அந்தந்த காலேஜ் ஆபீஸ்கிட்ட கொடுத்துடுங்க" என்கிறார் எங்கள் செயலாளர். போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின், ஐரெட்அட்மின், மெயில்கவ், வெப்மின், ஜிம்ப்ரா எல்லாம் பார்த்துவிட்டேன். எதைப் போடலாம்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலைமைக்கு போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின் போதும். ஆனால் செயலாளர் சொன்னபடி அதை அப்படியே கல்லூரி அலுவலகங்களின் கையில் கொடுத்தால், இன்னும் சில மாதத்தில் இதைவிடப் பெரிய சிக்கலோடு எனக்கு மறுபடி எழுதுவீர்கள்.

நீங்கள் பார்த்த ஐந்தும் ஒரே ரகம் இல்லை. ஜிம்ப்ராவும் மெயில்கவ்வும் முழு மெயில் அமைப்புகள். பேனல் அதில் ஒரு பகுதி, அவ்வளவுதான். அந்தப் பேனல் வேண்டுமென்றால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை விட்டுவிட்டு 14,000 பேரின் மெயிலையும் அங்கே கொண்டுபோக வேண்டும். ஜிம்ப்ராவில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நிறுவனமே தயாரித்து இலவசமாகக் கொடுத்த கடைசிப் பதிப்பு 8.8.15. அதற்கான ஆதரவு 2023 கடைசியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு வந்தவற்றை இலவசமாக ஓட்ட வேண்டுமானால் மூல நிரலிலிருந்து நீங்களே கட்ட வேண்டும், அல்லது வேறு யாரோ கட்டிக் கொடுத்ததை நம்ப வேண்டும். தனி ஆளாக இருக்கும் உங்களுக்கு அது வேண்டாத தலைவலி.

மெயில்கவ் நல்ல பொருள். டாக்கரில் (மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் முறை) சுத்தமாக உட்காரும், காலண்டரோடு வெப்மெயிலும் உண்டு, ஒவ்வொரு மெயில்பாக்ஸும் மணிக்கு எத்தனை மெயில் அனுப்பலாம் என்று பேனலிலேயே கட்டுப்படுத்தலாம். ஆனால் அது ஒரே மெஷினை மனதில் வைத்துச் செய்தது. நாளைக்கு மெயில் சேமிப்பைத் தனி சர்வருக்குப் பிரிக்க நினைத்தால் இடிக்கும். புதிதாகத் தொடங்குபவர் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஐரெட்அட்மின் ஐரெட்மெயிலோடு சேர்ந்து வருவது. அதன் இலவசப் பதிப்பில் அடிப்படை வேலைதான் நடக்கும். மாற்று முகவரிகளை நிர்வகிப்பது, பயனரே தன் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்வது, ஏபிஐ (வேறு நிரல்கள் வந்து பேசும் வாசல்) எல்லாம் காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான். வெப்மின் சர்வரையே ரூட் என்கிற முழு உரிமையோடு நிர்வகிக்கிற கருவி. கல்லூரி ஆபீஸ் பக்கம் அது தலைகாட்டவே கூடாது.

போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின் இந்த வரிசையில் இருப்பதிலேயே ஏழை. பார்க்கவும் சுமார்தான். பட்டியலில் ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதான் காட்டும், கான்ஃபிக் ஃபைலில் நீங்களே ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் அது டேட்டாபேஸில் சில டேபிள்களை எழுதுகிறது, படிக்கிறது. வேறெதையும் தொடுவதில்லை. போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் அதே டேபிள்களைத் தாங்களாகவே படித்துக்கொள்ளும். பேனல் இருக்கும் மெஷினை அணைத்தால் மெயில் ஓடுமா? எந்தப் பேனலைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். போஸ்ட்ஃபிக்ஸ்அட்மினைத் தனி விஎம்மில் (மெய்நிகர் மெஷின்) வைத்து அணைத்துப் பாருங்கள், ஒரு மெயில்கூட நிற்காது. பாதுகாப்பு ஓட்டை என்று இரவு பத்து மணிக்குச் செய்தி வந்தால், அந்த விஎம்மை அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

இனி, அலுவலகங்களிடம் கொடுப்பதில் என்ன வில்லங்கம் என்று பார்ப்போம்.

இந்த மாதிரிப் பேனல்களில் அதிகாரத்தை டொமைன் டொமைனாகத்தான் பிரித்துக் கொடுக்க முடியும். பொறியியல் கல்லூரி ஆபீஸ் உதவியாளரை அந்த டொமைனின் அட்மின் ஆக்கினால், மாணவரின் பாஸ்வேர்டை மாற்றுவது போலவே அவர் பிரின்சிபாலின் பாஸ்வேர்டையும் மாற்றலாம். அதையாவது பிரின்சிபால் அடுத்த முறை உள்ளே நுழையும்போது கண்டுபிடித்துவிடுவார். கண்ணுக்கே தெரியாத வழி ஒன்று இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின் ஒவ்வொரு மெயில்பாக்ஸுக்கும் அலியாஸ் டேபிளில் ஒரு வரி எழுதுகிறது: இந்த முகவரிக்கு வருவது இங்கே போக வேண்டும் என்று. அதில் இன்னொரு முகவரியைச் சேர்த்துவிட்டால் பிரின்சிபாலுக்கு வரும் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு நகல் சத்தமில்லாமல் வெளியே போகும். தேர்வுப் பிரிவின் மெயிலுக்கும் இதே கதிதான். வினாத்தாள் பற்றிய கடிதங்கள் எந்த முகவரிக்கு வருகின்றன என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். டொமைன் அட்மின்கள் மெயில்பாக்ஸின் அலியாஸைத் தொட முடியாமல் செய்ய கான்ஃபிக் ஃபைலில் 'அலியாஸ் கன்ட்ரோல் அட்மின்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை 'நோ' ஆக்கிவிட்டுத்தான் முதல் ஆபீஸுக்கு லாகின் கொடுக்க வேண்டும்.

அதோடு நிற்காமல், மாணவர்களுக்கு ஒவ்வொரு கல்லூரியிலும் தனி சப்டொமைன் வைத்துவிடுங்கள். ஆபீஸுக்கு அந்த சப்டொமைனில் மட்டும் அதிகாரம். ஆசிரியர், நிர்வாகம், தேர்வுப் பிரிவு இருக்கும் தாய் டொமைன் உங்களிடமே இருக்கட்டும். இருக்கிற மாணவர்களை இப்போது மாற்றப் போகாதீர்கள். முகவரி மாறினால் லாகின் மாறும், லாகின் மாறினால் ஆயிரக்கணக்கானவர் உங்களுக்குத்தான் போன் செய்வார்கள். அடுத்த சேர்க்கையில் வருபவர்களை மட்டும் புது சப்டொமைனில் சேருங்கள். பழைய பேட்ச்கள் தாமாகவே படித்து முடித்து வெளியேறிவிடும். பாஸ்வேர்ட் மறக்கிறவர்களில் முதலாண்டுக்காரர்களே அதிகம் என்பதால், பயன் முதல் வருடத்திலிருந்தே தெரியும்.

ஒவ்வொரு ஆபீஸ் ஊழியருக்கும் தனித்தனி லாகின் கொடுங்கள். "ஆபீஸ்" என்று ஒரே பெயரில் ஒன்றை உண்டாக்கி, பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டிவைக்கும் பழக்கம் நம் கல்லூரிகளில் போகவே போகாது போலிருக்கிறது. யார் எப்போது எந்த மெயில்பாக்ஸை மாற்றினார் என்று பேனல் தன் லாக் டேபிளில் குறித்துவைக்கும். எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தக் குறிப்பு எதற்கும் உதவாது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். விசாரணை என்று வந்தால் முதலில் கேட்பது இந்த டேபிளைத்தான்.

அடுத்தது கணக்கை நீக்குவது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. போஸ்ட்ஃபிக்ஸ்அட்மினில் 'டெலீட்' அழுத்தினால் டேட்டாபேஸில் வரி போய்விடும். டிஸ்க்கில் மெயில் இருக்கும் ஃபோல்டர் போகாது. அதை அப்புறப்படுத்த நீங்களே ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கான்ஃபிக்கில் இணைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் என்ன ஆகும்? எஸ். பிரியா படிப்பை முடித்துப் போகிறார், ஆபீஸ் அந்தக் கணக்கை நீக்குகிறது. அடுத்த வருடம் இன்னொரு எஸ். பிரியா சேர்கிறார். அதே முகவரி காலியாக இருக்கிறதே என்று அவருக்குக் கொடுக்கிறார்கள். ஃபோல்டர் பாதை அதேதான். புதுப் பெண் முதல் முறை லாகின் செய்தால் பழைய பெண்ணின் நான்கு வருட மெயிலும் விரிகிறது. இனிஷியலும் பெயருமாகக் கணக்கு வைக்கும் நம் ஊரில் இது எப்போதோ நடக்கிற அபூர்வம் இல்லை.

அதனால் மாணவர் முகவரியில் பெயரே வேண்டாம், எண் இருக்கட்டும். பல்கலைக்கழகப் பதிவு எண் வருவதற்குள் செமஸ்டர் பாதி போய்விடும், ஆகவே கல்லூரியின் சேர்க்கை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கை நீக்கும் வேலையை ஆபீஸிடம் கொடுக்கவே வேண்டாம். அவர்கள் கணக்கை முடக்கினால் போதும். ஃபோல்டரை வேறிடத்துக்கு நகர்த்துவது, காலம் கழித்து அழிப்பது எல்லாம் உங்கள் ஸ்கிரிப்ட் செய்யட்டும். ஒருமுறை கொடுத்த முகவரியை இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது.

அட்மிஷன் வேலையைப் பேனலில் செய்ய நினைக்காதீர்கள். ஜூனில் கலைக் கல்லூரி, பிறகு கவுன்சலிங் முடிய முடியப் பொறியியல் என்று அலை அலையாக வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு படிவத்தைத் திறந்து நிரப்ப ஆபீஸில் யாருக்கும் நேரம் கிடையாது, நிரப்பினாலும் எழுத்துப் பிழை வரும். கல்லூரி மென்பொருளிலிருந்து சிஎஸ்வி பட்டியல் எடுத்து, போஸ்ட்ஃபிக்ஸ்அட்மினோடு வரும் கமாண்ட்லைன் கருவிக்கு வரிவரியாக ஊட்டுங்கள். அந்த வழியில் போனால் பேனல் செய்யும் சரிபார்ப்பு எல்லாம் நடக்கும். எஸ்க்யூஎல்லில் நேரடியாக இன்செர்ட் செய்தால் மெயில்பாக்ஸ் டேபிளில் எழுதிவிட்டு அலியாஸ் டேபிளை மறந்துபோக வாய்ப்பு அதிகம்.

தினசரி போன்களுக்கு வருகிறேன். ஆபீஸிடம் பாஸ்வேர்ட் மாற்றும் பொத்தானைக் கொடுப்பதால் போன் குறையாது. உங்களுக்கு வந்த போன் அவர்களுக்குப் போகும், அவ்வளவே. பயனர் தானே நுழைந்து மாற்றிக்கொள்ளும் பக்கம் போஸ்ட்ஃபிக்ஸ்அட்மினில் தனியாகவே உண்டு. மறந்தவருக்கு மாற்று மின்னஞ்சலோ கைபேசியோ வழியாகக் குறியீடு அனுப்பும் வசதியையும் அதில் இயக்கலாம். எஸ்எம்எஸ் என்றால் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் பதிய வேண்டும். கட்டணச் செய்தி அனுப்புவதற்காக உங்கள் கல்லூரி ஏற்கெனவே பதிந்திருக்கக்கூடும், அக்கவுன்ட்ஸ் பிரிவில் கேட்டுப் பாருங்கள். வாசகம் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தால் முடிந்தது.

இனி, எந்தப் பேனலாலும் ஆகாத ஒரு காரியம். ஒரு மாணவரின் பாஸ்வேர்ட் திருடுபோய் அவர் கணக்கிலிருந்து ஸ்பேம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸ் உதவியாளர் பேனலில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு "முடிஞ்சுது சார்" என்பார். முடிந்திருக்காது. கியூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசை) ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஆயிரக்கணக்கான மெயில் போய்க்கொண்டே இருக்கும். மெயில் படிக்கத் திறந்திருக்கும் ஐமேப் இணைப்பு பாஸ்வேர்ட் மாறியதற்காக அறுந்துவிடாது. திருடன் வைத்துவிட்டுப் போன ஃபார்வர்ட் விதி அப்படியே இருக்கும். கணக்கை முடக்கி, போஸ்ட்ஃபிக்ஸின் போஸ்ட்சூப்பர் கமாண்டால் அந்த அனுப்புநரின் மெயிலை மட்டும் கியூவிலிருந்து நீக்கி, டவ்காட்டின் டவ்அட்மின் கமாண்டில் 'கிக்' கொடுத்து இணைப்புகளை வெட்டி, ஃபார்வர்ட் போன்றவை எழுதியிருக்கும் சீவ் விதிகளைப் பார்க்க வேண்டும். இந்த நான்கையும் ஒரே ஸ்கிரிப்டாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரவில் உங்களை எழுப்பினால் தூக்கக் கலக்கத்திலும் ஓட்டும்படி இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், வெளியேறும் ஒவ்வொரு ஸ்பேமும் உங்கள் டொமைனின் பெயரைக் கெடுக்கிறது. நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்கள் மெயில் போலி இல்லை என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பது 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளின் விதி. தேர்வு அறிவிப்பை மொத்தமாக அனுப்பும் நாளில் நீங்கள் இந்த எண்ணிக்கையைச் சுலபமாகத் தாண்டிவிடுவீர்கள். உங்கள் பட்டியலில் இல்லாத இரண்டு வெப் கருவிகளை இதற்காகச் சேர்க்கிறேன். ஒன்று கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ். இலவசம், உங்கள் டொமைன் மெயிலுக்கு ஜிமெயிலில் ஸ்பேம் புகார் எவ்வளவு, கூகுளின் விதிகளுக்கு நீங்கள் உட்படுகிறீர்களா என்று காட்டும். இன்னொன்று ஸ்பேம் வடிகட்டியான ஆர்ஸ்பாம்டியோடு வரும் வெப் பக்கம். ஒரு மெயில் ஏன் ஸ்பேமாகக் கருதப்பட்டது, எந்த விதிக்கு எத்தனை மதிப்பெண் என்று வரிவரியாகப் பிரித்துச் சொல்லும். அதன் வரலாற்றுப் பட்டியல் இயல்பாகக் கடைசி 200 மெயிலோடு நின்றுவிடும். உங்கள் போக்குவரத்துக்கு அது சில நிமிடம்தான் தாங்கும், கூட்டிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. அட்மின் பேனலை இணையத்தில் திறந்துவைக்காதீர்கள். "பாஸ்வேர்ட் போட்டிருக்கோமே" என்பார்கள். 2019 ஆகஸ்டில் வெளிவந்த வெப்மின் விவகாரத்தில் பாஸ்வேர்ட் மாற்றும் பக்கத்திலேயே திருட்டு வழி ஒன்று இருந்தது. அதை நுழைத்தவர்கள் வெப்மின் தயாரிக்கும் சர்வருக்குள்ளேயே புகுந்திருந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக யார் கண்ணிலும் படவில்லை. 2020 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சின் கன்ட்ரோல் பேனலில் கண்டது இதற்கு இளைத்ததில்லை. உலகம் முழுக்க ஒவ்வொரு நிறுவலிலும் ஒரே ரகசியச் சாவி இருந்தது. ஏதாவது ஒரு சாதாரண மெயில்பாக்ஸின் பாஸ்வேர்ட் கிடைத்தால் சர்வரையே கைப்பற்றலாம். 14,000 மாணவர், ஆசிரியர் பாஸ்வேர்டில் ஒன்றாவது வெளியே போயிருக்காது என்று உங்களால் சொல்ல முடியுமா? பேனல் கேம்பஸ் உள் நெட்வொர்க்கில் மட்டும் திறக்கட்டும், மற்ற கல்லூரிகள் வயர்கார்ட் விபிஎன் வழியாக வரட்டும். வெளியே தெரிய வேண்டியது பயனர் பாஸ்வேர்ட் பக்கம் மட்டுமே. நிறுவி முடித்தபின் செட்டப் பக்கத்தை மூடிவிடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் பயன்படுத்தும் டேட்டாபேஸ் பயனருக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும்.

கூகுள் விஷயத்தில் ஒரு சின்ன முணுமுணுப்பு. 2021இல் அவர்கள் அறிவித்த வரம்பு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட். 14,000 ஆல் வகுத்தால் தலைக்கு ஏழு ஜிபி. ஒரு மாணவரின் மெயிலுக்கு அது தாராளம். வீடியோ குவித்து வைத்தவர்களை மட்டும் ஒழுங்குபடுத்திவிட்டு மாணவர்களை அங்கேயே விட்டிருக்கலாம். முடிவெடுத்தாயிற்று, போகட்டும்.

ஒரு சூழ்நிலையில் மட்டும் என் பதில் மாறும். கல்லூரியில் வைஃபை, லேப், நூலகம் எல்லாவற்றுக்கும் ஒரே லாகின் கொண்டுவரும் திட்டம் இருந்தால், கணக்குகள் மெயில் டேட்டாபேஸில் இருக்கவே கூடாது, எல்டேப் டைரக்டரியில் (எல்லாச் சேவைகளும் பார்க்கும் பொதுக் கணக்குப் பதிவேடு) இருக்க வேண்டும். அப்போது பேனலும் மெயிலுக்கானது அல்ல, டைரக்டரிக்கானது. எல்டேப் அக்கவுன்ட் மேனேஜர் போன்ற ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கும். செயலாளரிடம் இதை இப்போதே கேட்டுவிடுங்கள். மூன்று வருடத் திட்டத்தில் அது இருக்கிறது என்றால் போஸ்ட்ஃபிக்ஸ்அட்மினை நிறுவுவதற்கு முன் நிறுத்துங்கள்.

இல்லையென்றால், கடைசியாக மாற்றும் வேலை. இணைய வழிகாட்டி என்கிறீர்கள், அப்படியானால் உங்கள் டேபிள்கள் 'விர்ச்சுவல் யூசர்ஸ்', 'விர்ச்சுவல் டொமைன்ஸ்', 'விர்ச்சுவல் அலியாஸஸ்' என்று இருக்கும் என்று நினைக்கிறேன். போஸ்ட்ஃபிக்ஸ்அட்மினுக்கு வேறு அமைப்பு வேண்டும். பழையதைத் தொடாமல் பக்கத்திலேயே புது டேட்டாபேஸ் உண்டாக்கி வரிகளை நகலெடுங்கள். பாஸ்வேர்ட் ஹாஷ்களை (பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சேமித்திருக்கும் குறியீடுகள்) அப்படியே கொண்டுபோகலாம், யாரும் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டியதில்லை. மெயில்பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தன்னையே சுட்டும் அலியாஸ் வரியையும் எழுத மறக்காதீர்கள். முதலில் ஒரு சிறிய டொமைனை, பாலிடெக்னிக்கை எடுத்துக்கொள்ளலாம், புது டேட்டாபேஸ் பக்கம் திருப்பி ஒரு வாரம் ஓடவிடுங்கள். அதே சமயத்தில் ஆபரேடிங் சிஸ்டத்தையும் புதுப்பித்துவிடலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். டெபியன் 13இல் வரும் டவ்காட் 2.4இன் கான்ஃபிக் 2.3இனுடையதோடு ஒத்துப்போகாது, எது எதனால் உடைந்தது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். மே விடுமுறைதான் உங்களுக்குத் தோதான நேரம். செமஸ்டர் ரிசல்ட் வரும் வாரத்தை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.